குமிழி காட்டிய வழி

குழந்தை பிறந்தவுடன் அது அழுததா, மூச்சு விட்டதா, எவ்வளவு எடை, ஆணா பெண்ணா என்று கேட்பவர் பலர். மலம் போயிற்றா என்று கேட்பவர் சிலரே. ஏறத்தாழ 5,000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அக்குழந்தைக்கு மலவாய் இருக்க வேண்டிய இடத்தில் துளை இராது. சிறு குழி ஒன்று மட்டுமே இருக்கும். உள்ளே மலக்குடல் குருட்டு முனையாய் முடிந்திருக்கும். அல்லது சிறுநீர்ப் பாதையிலோ, பெண் குழந்தையானால் பிறப்புறுப்பின் வாயிலிலோ தவறாகத் திறந்திருக்கும். வழியே இல்லாத குழந்தையைக் கவனியாமல் விட்டால் வயிறு உப்பும், பச்சை நிறத்தில் வாந்தி வரும், குடல் கிழியும். எல்லாம் சில நாட்களுக்குள் முடிந்துவிடும்.

இக்குழந்தைகளை மனிதர் காப்பாற்றக் கற்றுக்கொண்ட வரலாறு மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் எனக்கு அதில் தனி ஈடுபாடு உண்டு. அந்த வரலாற்றின் நடுவில், கொத்தனாரின் ரசமட்டத்தில் உள்ளதைப் போன்ற ஒரு காற்றுக் குமிழி இருக்கிறது. அந்தக் குமிழியைச் சரியாகப் பயன்படுத்தும் முறையைத் திருத்தித் தந்தவர்கள் நம் நாட்டு மருத்துவர்கள்.

ஓர் அறை பிரியும் கதை

கோழியைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: எச்சம், சிறுநீர், முட்டை மூன்றும் ஒரே வாயில் வழியாகவே வெளிவருகின்றன. இதைப் பொதுக் கழிவாய் என்பர். மனிதக் கருவிலும் நான்காம் வாரத்தில் இப்படிப்பட்ட பொது அறை ஒன்று இருக்கிறது. குடலின் கடைசிப் பகுதியும் சிறுநீர்ப் பாதையும் அதில் கலந்து நிற்கின்றன. பின்னர் இவ்வறையை ஒரு தடுப்புச் சுவர் முன்பகுதி, பின்பகுதி எனப் பிரிக்கிறது. முன்பகுதி சிறுநீர்ப் பாதையாகவும், பின்பகுதி மலக்குடலாகவும் வளர்கின்றன. ஏறத்தாழ எட்டாம் வாரத்திற்குள் இவ்வேலை முடிந்துவிடுகிறது.

இந்தப் பிரிவினை குறைபட்டால் பலவகைக் கோளாறுகள் தோன்றும். மலக்குடல் தோலுக்கு மிக அருகே வந்து, மெல்லிய சவ்வு மட்டும் மறைத்து நிற்கலாம்; இது எளிய வகை. மலக்குடல் மேலேயே நின்று, ஆண் குழந்தையின் சிறுநீர்க் குழாயில் திறக்கலாம். அப்போது சிறுநீரில் மலம் கலந்து வரும். பெண் குழந்தைகள் சிலரிடம் சிறுநீர்ப் பாதை, பிறப்புப் பாதை, மலக்குடல் மூன்றும் பிரியாமல் ஒரே துளையாய் நின்றுவிடலாம். இது மிகவும் அரிது. ஏறத்தாழ 50,000 பிறப்புகளில் ஒன்று எனக் கணக்கிட்டுள்ளனர். பெயரே ஒன்றாக இருந்தாலும் இக்கோளாறுகளின் கடுமை ஒன்றல்ல. எந்தக் குழந்தைக்கு எந்த வகை என்று அறிவதே முதற்கடமை.

விரலும் கத்தியும்

இக்குறையைப் பழங்காலத்தவரும் அறிந்திருந்தனர். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த எபேசு நகரத்துச் சொரானஸ் என்னும் மருத்துவர், பிறந்த குழந்தையின் துளைகள் எல்லாம் திறந்துள்ளனவா என்று மருத்துவச்சி பார்க்க வேண்டும் என்றார். 7-ஆம் நூற்றாண்டில் ஏஜினாத் தீவின் பவுல், மறைத்திருக்கும் சவ்வை விரலால் கிழிக்கலாம், இயலாவிடில் கத்தியால் வெட்டலாம் என்று எழுதினார். நம் நாட்டுச் சுசுருத சங்கிதை சுருங்கிப்போன மலவாய்க்கு வைத்தியம் கூறுகிறது. எண்ணெய் தடவிய குழாயைச் செலுத்தி, சில நாளைக்கு ஒருமுறை சற்றுப் பருத்த குழாயாக மாற்றி, வழியைப் படிப்படியாக அகலமாக்கும் முறை அது. பிறவியிலேயே வழியற்ற குழந்தைக்காகச் சொல்லப்பட்டதன்று எனினும், இம்முறையின் அடிப்படையை மீண்டும் சந்திக்கப் போகிறோம்.

செஞ்சிக்கு அருகில் உள்ள பனமலைக் குன்றின்மேல் இராசசிம்ம பல்லவன் தாளகிரீசுவரர் கோயிலை எழுப்பியது 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பவுல் எழுதியது அதற்குச் சற்று முன்னர். அந்தக் கோயில் எழுந்த நாளிலிருந்து ஆயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னும் இத்துறையில் பெரிய முன்னேற்றம் இல்லை. சவ்வு மெல்லியதாக இருந்தால் குழந்தை பிழைத்தது. இல்லையேல் கத்தி குருட்டுத்தனமாக உள்ளே சென்றது. மலக்குடல் எட்டாத உயரத்தில் இருந்த குழந்தைகளுக்கு வழியே இல்லை.

1710-இல் பிரெஞ்சு மருத்துவர் அலெக்சி லித்ரே, ஆறு நாள் வாழ்ந்து இறந்த இத்தகைய குழந்தையின் உடலைச் சோதித்தபின் ஒரு புதிய எண்ணத்தைக் கூறினார். கீழே வழி இல்லையென்றால் வயிற்றின்மேல் ஒரு வழி திறந்தால் என்ன? எண்ணம் செயலாக 83 ஆண்டுகள் ஆயின. 1793-இல் பிரான்சு நாட்டுப் பிரெஸ்ட் துறைமுக நகரில் தூரே என்னும் மருத்துவரிடம் பிறந்து மூன்றே நாளான ஒரு குழந்தை வந்தது. அவர் முதலில் இறந்த குழந்தை ஒன்றின் உடலில் அறுவையைச் செய்து பார்த்தார். பிறகே அக்குழந்தையின் இடப்புற வயிற்றைத் திறந்து, பெருங்குடலை வெளியே இழுத்துத் தோலோடு பொருத்தினார். அக்காலத்தில் மயக்க மருந்து இல்லை. கிருமி ஒழிப்பு முறையும் இல்லை. எனினும் அக்குழந்தை பிழைத்து 45 வயது வரை வாழ்ந்தது. கொலாஸ்டமி எனப்படும் செயற்கை மலவாய் இவ்வாறு வெற்றி கண்டது.

1835-இல் பாரிசில் அமுசா என்பவர் அடுத்த அடியை வைத்தார். குருட்டு முனையைத் துளைத்துவிட்டால் மட்டும் போதாது, வெட்டிய வழி மீண்டும் ஒட்டிச் சுருங்கிவிடுகிறது என்பதைக் கண்டு, குடலைக் கீழே இறக்கித் தோலின் விளிம்போடு தைத்தார். 1846-இல் ஈதர் மயக்கமும், 1867-இல் லிஸ்டரின் கிருமி ஒழிப்பு முறையும் வந்தபின் அறுவை அச்சம் குறைந்தது. ஆயினும் பழைய கேள்வி அப்படியே நின்றது. மலக்குடலின் முனை தோலிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளது? அதை வெட்டுவதற்கு முன்பே எப்படி அறிவது?

எவ்வளவு தூரம்?

1895-இல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். எலும்பு கதிரை மிகுதியாக விழுங்குகிறது, தசை குறைவாக விழுங்குகிறது, காற்றோ ஏறக்குறைய விழுங்குவதே இல்லை. எனவே படத்தில் எலும்பு வெண்மையாகவும், காற்று நிறைந்த இடம் கறுப்பாகவும் தெரிகின்றன. 1930-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் வாங்கன்ஸ்டீன், ரைஸ் என்னும் இருவர் இதைக் கொண்டு மிக எளிய ஓர் உத்தியை வெளியிட்டனர்.

பிறக்கும்போது குழந்தையின் குடலில் காற்று இல்லை. முதல் அழுகையோடு அது காற்றை விழுங்கத் தொடங்குகிறது. அக்காற்று இரைப்பையைக் கடந்து, சிறுகுடலைக் கடந்து, மெல்லப் பெருங்குடலின் முனையை அடைகிறது. இப்போது குழந்தையைக் கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினால் என்ன ஆகும்? காற்று மலத்தைவிட இலேசானது. ஆகவே அது மேலே ஏறும். தலைகீழான குழந்தையில் மேலே இருப்பது மலக்குடலின் முனை. அங்கே காற்றுக் குமிழி வந்து தங்கும். மலவாய் இருக்க வேண்டிய குழியில் ஒரு சிறு உலோகத் துண்டை ஒட்டிவைத்துப் பக்கவாட்டில் படம் எடுத்தால், கறுத்த குமிழிக்கும் வெளுத்த உலோகத்துக்கும் இடையே உள்ள தொலைவே நாம் தேடும் தொலைவு. உலகெங்கும் மருத்துவமனைகள் இம்முறையை ஏற்றன. நம் சென்னையில் பர்னார்ட் கதிரியல் நிலையம் நிறுவப்பட்டதும் இதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், 1934-இல்தான்.

எளிய உத்திதான், ஆனால் அளவீடு செய்பவன் எப்போதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கருவி சொல்வது உண்மையா? இங்கே பிழைக்கு மூன்று வாயில்கள் உள்ளன.

முதலாவது, காலம். முனை வரை காற்று சென்று சேர 18 முதல் 24 மணி நேரம் ஆகும். அதற்குமுன் படம் எடுத்தால், காற்று வழியிலேயே நிற்கும். மலக்குடல் மிக உயரத்தில் முடிந்துவிட்டதாக நமக்குத் தோன்றும். குருட்டு முனையில் அடர்ந்த மலம் அடைத்துக்கொண்டிருந்தாலும் இதே ஏமாற்றம் நேரும்.

இரண்டாவது, தசை. மலக்குடலின் கீழ்ப்பகுதியைத் தசைகள் இறுக்கிப் பிடித்துள்ளன. குழந்தை வீறிட்டு அழும்போது அவை மேலும் இறுகி, காற்றைப் பின்னுக்குத் தள்ளும்.

மூன்றாவது, வடிவ கணிதம். எக்ஸ் கதிர்கள் ஒரு புள்ளியிலிருந்து விரிந்து செல்பவை. விளக்கின் முன் நீட்டிய கை சுவரில் பெரிதாகத் தெரிவதைப் போல, படமும் பொருளைவிடப் பெரிதாகவே விழும். கதிர்க்குழாய்க்கும் படத்தாளுக்கும் இடையே 100 செ.மீ. என்றும், குழந்தையின் நடுப்பகுதி தாளிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருப்பதாகவும் கொள்வோம். ஒத்த முக்கோண விதிப்படி உருப்பெருக்கம் 100/90, அதாவது சுமார் 1.11. மெய்யாக 9 மி.மீ. இருக்கும் தொலைவு தாளில் 10 மி.மீ. எனத் தெரியும். இதனால் என்ன என்று கேட்கலாம். தொலைவு 1 செ.மீ.க்கு உட்பட்டால் கீழிருந்தே நேராக அறுவை, மிகுந்தால் முதலில் செயற்கை மலவாய் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் எல்லைக்கோடு. அந்தக் கோட்டில் ஒரு மில்லிமீட்டரும் சிறிதன்று. ஒட்டிவைக்கும் உலோகத்தின் உண்மை அளவு தெரிந்திருந்தால், படத்தில் அதன் அளவைக் கொண்டு இப்பிழையைத் திருத்திக்கொள்ளலாம்.

சண்டிகரில் ஒரு திருத்தம்

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. பிறந்து ஒரு நாளே ஆன, வயிறு உப்பிய குழந்தையைச் சில நிமிடம் தலைகீழாகப் பிடிப்பது குழந்தைக்குக் கொடுமை. அது நீலம் பாரிக்கலாம். வாந்தி எடுத்து அது மூச்சுக்குழலில் இறங்கலாம். கைகளில் துள்ளும் குழந்தையைப் படம் எடுப்பதும் கடினம். சற்றுத் திரும்பினாலும் அளவு கெட்டுவிடும்.

சண்டிகர் பட்டமேற்படிப்பு மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த நரசிம்ம ராவும் அவருடைய கூட்டாளிகளும் 1983-இல் இதற்கு ஒரு மாற்று முறையை வெளியிட்டனர். குமிழிக்குத் தேவை தலைகீழ் நிலை அன்று. மலக்குடலின் முனை உடலின் பிற பகுதிகளைவிட உயரமாக இருந்தால் போதும். அதற்குக் குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்புக்குக் கீழே துணிச் சுருளை வைத்து உயர்த்தினாலே போதாதா? சில நிமிடம் அப்படியே விட்டு, பக்கவாட்டிலிருந்து கிடைமட்டமாகக் கதிரைச் செலுத்தினால் அதே படம் கிடைக்கிறது. குழந்தை அதிகம் அழுவதில்லை. அழாததால் தசை இறுகுவதில்லை. தசை இறுகாததால் காற்று முனைவரை செல்கிறது. குழந்தைக்கு இதமாக அமைந்த முறை அளவுக்கும் துல்லியமாக அமைந்தது.

இத்திருத்தத்திற்குப் புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு காசு கூடுதல் செலவில்லை. பழைய முறை வந்து 53 ஆண்டுகள் உலகம் முழுவதும் குழந்தைகளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தது. ரசமட்டத்தின் குமிழியைப் பார்க்கக் கட்டடத்தை யாரும் கவிழ்ப்பதில்லை என்ற எளிய எண்ணம் எழ அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. இன்று பாடநூல்கள் இக்குப்புறப் படத்தையே பரிந்துரைக்கின்றன.

நடுக்கோட்டில் ஒரு வெட்டு

தொலைவு தெரிந்துவிட்டது. இனி மேலே நிற்கும் குடலைக் கீழே கொண்டுவர வேண்டும். குழாயை இறக்கிவிட்டால் போதும் என்று எண்ணினால் அது தவறு. மலத்தை வேண்டும்போது விடவும், வேண்டாதபோது அடக்கவும் அக்குழாயைச் சூழ்ந்த தசைகள் வேண்டும். குழாய் தசையின் நடுவே செல்லாமல் ஓரமாகச் சென்றால் குழந்தை பிழைக்கும். ஆனால் வாழ்நாள் முழுவதும் மலம் தானே ஒழுகிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் அக்குழந்தையின் பக்கத்தில் யார் உட்காருவார்கள்?

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னைச் சேர்ந்த டக்ளஸ் ஸ்டீபன்ஸ் 1953-இல் இவ்வுண்மையை வலியுறுத்தினார். இடுப்பின் முன் எலும்பிலிருந்து கிளம்பி மலக்குடலை வாரைப் போல வளைத்துப் பிடிக்கும் தசையினுள்ளே குடலைச் செலுத்த வேண்டும் என்றார். ஆனால் அத்தசையைக் கண்ணால் காணாமல், விரலால் தடவி உணர்ந்தே அதைச் செய்ய வேண்டியிருந்தது.

1980 ஆகஸ்டில் மெக்சிகோ நகரில் அல்பெர்டோ பெனா என்னும் அறுவை மருத்துவர் வேறு வழியைத் தேர்ந்தார். குழந்தையைக் குப்புறக் கிடத்தி, முதுகின் கீழ்ப்புறம் முதல் மலவாய்க் குழி வரை மிகச் சரியாக நடுக்கோட்டில் வெட்டினார். நரம்புகள் இருபுறமிருந்தும் வருகின்றனவே அன்றி நடுக்கோட்டைக் கடப்பதில்லை. ஆகவே நடுவில் வெட்டினால் சேதம் இல்லை. எல்லாத் தசைகளும் புத்தகத்தைப் பிரித்தாற்போல் இரு பக்கமும் விரிந்தன. எது தசை, அதன் நடு எது என்று அறிய அவர் சிறு மின் தூண்டியைப் பயன்படுத்தினார். மின்துடிப்பு பட்ட இடத்தில் தசை சுருங்கும்; சுருங்கும் பகுதிகளின் நடுவே குடலை வைத்து, வெட்டிய அடுக்குகளை மீண்டும் தைத்துவிடலாம். தவளையின் காலில் கால்வானி கண்ட அதே விளைவு இருநூறு ஆண்டுகளுக்குப் பின் இங்கே வழிகாட்டியாயிற்று. பெனாவும் டி விரீசும் இம்முறையை 1982-இல் வெளியிட்டனர். மூன்று பாதைகளும் ஒன்றாய்ப் போன பெண் குழந்தைகளுக்கும் இவ்வழியே மருந்தாயிற்று. சிறுநீர்ப் பாதையையும் பிறப்புப் பாதையையும் பிரிக்காமல் சேர்த்தே இறக்கும் எளிய முறையைப் பெனா 1997-இல் சேர்த்தார். 2000-இல் ஜார்ஜ்சன் வயிற்றில் சிறு துளைகள் இட்டு, அகநோக்கியின் துணையால் குடலை இறக்கும் முறையைத் தந்தார்.

நம் நாட்டின் பங்கு

நம் நாட்டில் குழந்தைகளுக்கென்று தனி அறுவைத் துறை வளர்ந்தது விடுதலைக்குப் பிறகே. சென்னை எழும்பூரில் 1948-இல் டாக்டர் எஸ்.டி. ஆச்சார் குழந்தை மருத்துவத் துறையைத் தொடங்கினார். அது பின்னர் குழந்தைகள் நல நிலையமாக விரிந்தது. 1960-களில் டாக்டர் எம்.எஸ். இராமகிருஷ்ணன் சென்னையில் குழந்தை அறுவை மருத்துவத்தை வளர்த்தார்.

இந்திய மருத்துவர்கள் உலகிற்குச் சுட்டிக்காட்டிய கோளாறு ஒன்றும் உண்டு. மலவாயின்றிப் பிறக்கும் சில குழந்தைகளுக்குப் பெருங்குடலே நீளமாய் இராமல், ஒரு பெரிய பையாகக் குறுகியிருக்கும். எக்ஸ்ரே படத்தில் வயிற்றின் பாதிக்கும் மேலான அகலத்தை ஒரே காற்றுக் குமிழி அடைத்து நிற்கும். பிற நாடுகளில் அரிதான இது வட இந்தியாவில் கூடுதலாகக் காணப்படுகிறது. சண்டிகரின் சிங், பதக் இருவரும் 1972-இல் இதை விவரித்தனர். 1984-இல் நரசிம்ம ராவ் குழுவினர் இதை வகைப்படுத்தினர். 2005-இல் ஜெர்மனியில் கிரிக்கன்பெக் என்னுமிடத்தில் கூடிய உலக வல்லுநர்கள் தம் வகைப்பாட்டில் இதற்கும் இடம் தந்தனர். கல்கத்தாவின் சுபீர் சட்டர்ஜி 1991-இல் இத்துறை பற்றி ஒரு முழு நூலே எழுதினார்.

அறுவைக்குப் பின் வீட்டில்

கடுமையான வகைக்குச் சிகிச்சை மூன்று படிகளில் நடப்பது வழக்கம். முதலில் வயிற்றில் செயற்கை மலவாய்; குழந்தை எடை கூடியபின் மலக்குடலை இறக்கும் அறுவை; புதிய வழி தகுந்த அளவு அகன்றபின் செயற்கை மலவாயை மூடுதல். இரண்டாம், மூன்றாம் படிகளுக்கு இடையே பெரும் பொறுப்பு தாயினுடையது. குறுக்களவை மில்லிமீட்டரில் எண்ணாகக் கொண்ட மழுங்கிய கோல்களால், நாள்தோறும் இருவேளை புதிய மலவாயை விரிவுபடுத்த வேண்டும். சில நாளைக்கு ஒருமுறை அடுத்த எண்ணுக்கு மாற வேண்டும். சுசுருதர் சொன்ன படிப்படியான விரிவாக்கத்தின் அதே தத்துவம்தான். இதைச் செய்யாது விட்டால் வழி மீண்டும் சுருங்கி, செய்த அறுவை வீணாகும்.

எல்லாக் குழந்தைகளும் முழுமையாகச் சீரடைவார்கள் என்று கூற இயலாது. பெனாவின் பெருந்தொகுப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று குழந்தைகள் தாமாக உணர்ந்து மலம் கழிக்கும் நிலையை அடைந்தனர். அவர்களிலும் சிலருக்கு உடையில் சிறிது கறைபடுவதுண்டு. எஞ்சியோருக்கும் வழி உண்டு. நாளுக்கு ஒருமுறை எனிமா கொடுத்துக் குடலைக் காலி செய்துவிட்டால், மறுநாள் வரை கறையின்றிப் பள்ளிக்குச் செல்லலாம். 1990-இல் மலோன் என்பவர் குடல்வாலைத் தோலோடு இணைத்து, குழந்தை தானே எனிமா எடுத்துக்கொள்ளும் சிறு அறுவையையும் காட்டினார்.

நாம் செய்யக்கூடியது

இவ்வளவு முன்னேற்றத்திற்குப் பின்னும் முதல் வரியில் கூறிய கேள்வி மாறவில்லை. குமிழிக்கு 24 மணி நேரம் பொறுக்கலாம். ஆனால் குறையைக் கண்ணால் காண 24 நொடிகூட வேண்டாம். பிறந்தவுடன் குழந்தையைப் புரட்டி, மலவாய் உள்ளதா, உரிய இடத்தில் உள்ளதா என்று பார்த்துவிட வேண்டும்.

பெண் குழந்தைகளிடம் கூடுதல் கவனம் வேண்டும். அவர்களில் பலருக்கு மலம் பிறப்புறுப்பின் வாயிலில் உள்ள சிறு துளை வழியே கசிவதால், வயிறு உடனே உப்புவதில்லை, குறை மறைந்துவிடுகிறது. தாய்ப்பாலோடு நின்றவரை இளகிய மலம் எப்படியோ வெளியேறும். சோறு ஊட்டத் தொடங்கியபின் மலச்சிக்கல் முற்றி, குடல் பெருத்தபின் வருவோர் உண்டு. மலத்துணியில் ஈரம் உண்டா என்று பார்ப்பது போதாது. அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

குறை கண்டால் பால் கொடுப்பதை நிறுத்தி, குழந்தையை வெதுவெதுப்பாகச் சுற்றி, குழந்தை அறுவைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். பனமலை, செஞ்சி வட்டாரத்தார்க்கு முண்டியம்பாக்கத்தில் 2010-இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி அருகில் உள்ளது. புதுச்சேரியில் 1964 முதல் ஜிப்மர் இயங்குகிறது. 2008 முதல் 108 ஊர்தியும் உண்டு. இக்குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சிறுநீரகம், இதயம், முதுகெலும்பு, உணவுக்குழல் ஆகியவற்றிலும் குறை இருக்கக்கூடும். அவற்றையும் அங்கே சோதிப்பர்.

கடைசியாக ஒன்று. கருவுற்றவள் கிரகணத்தைப் பார்த்ததால்தான் இப்படி ஆயிற்று என்று தாயைப் பழிக்கும் பேச்சு நம் ஊர்களில் இன்னும் கேட்கிறது. சூரிய கிரகணம் என்பது நிலவின் நிழல். நிழலில் நிற்பவர்மேல் படும் ஒளி குறைகிறதே அன்றி, புதிதாக எதுவும் வந்து சேர்வதில்லை. 2019 டிசம்பர் 26-இல் கோவையிலும் திண்டுக்கல்லிலும் கங்கண கிரகணத்தின் நிழல் விழுந்தது; மரத்தடியில் நாம் நிற்கும்போது விழுவதும் நிழலே. மேலும், கருவின் பொது அறை எட்டாம் வாரத்திற்குள் பிரிந்துவிடுகிறது. தான் கருவுற்றிருப்பதைப் பல பெண்கள் உறுதியாக அறிவதே அவ்வேளையில்தான். அவள் அறியுமுன் நடந்து முடிந்ததற்கு அவளைக் குற்றம் சொல்வது எவ்வகையில் நியாயம்? பெரும்பாலான குழந்தைகளில் இதன் காரணம் இன்னும் விளங்கவில்லை. விளங்காத காரணத்தைத் தாயின் தலையில் கட்டாமல், விளங்கிவிட்ட சிகிச்சைக்குக் குழந்தையைக் காலத்தில் கொண்டுசேர்ப்பதே அறிவுடைமை.